பதினொன்று பத்துக்கு வரும் சிவப்பு

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் நெட்வொர்க் தினமும் இரண்டு தடவை அறுந்துகொண்டிருந்தது. காலையில் ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை. கேரளத் தலைநகரில், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம் அது. ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் படிக்கட்டு வரை நிற்பார்கள். நெட்வொர்க் போனால் ரிப்போர்ட் அச்சாகாது. இருபது நிமிடத்தில் தானாகவே வந்துவிடும். வந்த பிறகு தேடினால் ஒரு கோளாறும் அகப்படாது.

மானேஜர் ஸ்ரீகுமார் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். 2003 ஜூன் மாதம், மழை தொடங்கிய வாரத்தில், பூதலிங்கத்தைக் கூப்பிட்டு எது எப்போது போகிறது, யார் கை வைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஓர் ஏற்பாடு செய்யச் சொன்னார்.

பூதலிங்கம்தான் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். முப்பத்திநாலு வயது. நாகர்கோவில் பக்கத்து ஆள். வலியசாலையில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தான். பேச்சு குறைவு. நாலு பேர் சேர்ந்து நிற்கிற இடத்தில் அவனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாது.

மூலையில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, இலவசமாகக் கிடைத்த கண்காணிப்பு மென்பொருளை அதில் ஏற்றினான். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது மற்ற கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக இருக்கிறாயா என்று கேட்கும். பதில் வந்தால் திரையில் அந்தப் பெயருக்கு நேரே பச்சை, வராவிட்டால் சிவப்பு. கேட்கவைப்பது ஒரு நாள் வேலை. பதில் சொல்லவைக்கத்தான் பத்து நாள் ஆயிற்று. தட்டச்சுப் பிரிவில் இருந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து ஒரு சிறு புரோகிராமைப் பதிக்க வேண்டியிருந்தது. ரத்தம் சோதிக்கும் கருவியோடு இணைந்திருந்த லினக்ஸ் மிஷின் உடனே ஒத்துக்கொண்டது. பழைய நோயாளிகளின் பதிவுகள் இருந்த யுனிக்ஸ் மிஷின்தான் படுத்தியது. அதை நிறுவியவர்கள் கம்பெனியையே மூடிவிட்டுப் போயிருந்தார்கள். நான்கு நாள் மல்லுக்கட்டிவிட்டு, அது உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும் என்று விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை காலை திரை முழுக்கப் பச்சையாக நின்றது. பதினொன்று பத்துக்கு மூன்று பெயர்கள் ஒன்றாகச் சிவந்தன: யுனிக்ஸ் மிஷின், லினக்ஸ் மிஷின், ரிப்போர்ட் அச்சடிக்கும் விண்டோஸ். பதினொன்றரைக்கு மூன்றும் ஒன்றாகப் பச்சைக்குத் திரும்பின. மூன்றேகாலுக்கு மறுபடியும் அதே.

தான்தான் ஏதோ தப்பாக எழுதிவிட்டோம் என்று முதலில் நினைத்தான். பிறகு மூன்றின் முன்னாலும் போய் உட்கார்ந்து, எவ்வளவு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தான். விண்டோஸ் ஆறு நாள் என்றது. லினக்ஸ் நாற்பத்தொரு நாள். யுனிக்ஸ் இருநூறு நாளைத் தாண்டியிருந்தது. எதுவும் நிற்கவே இல்லை. மூன்றும் மூன்று வகை; ஒரே நிமிடத்தில் ஒரே நோய் வர வழியில்லை. மூன்றுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டாம் மாடி ஸ்டோர் ரூமில், பழைய ரிப்போர்ட் கட்டுகளுக்கு நடுவே, மூன்றின் கேபிளும் வந்து சேர்கிற சின்ன ஹப். அதன் மின்சாரம் போனால் மூன்றும் போகும். நாளைக்குப் பதினொரு மணிக்கு அங்கே போய் நிற்பது என்று முடிவு செய்துகொண்டான்.

அதற்குள் ஸ்ரீகுமார் எல்லாரையும் ஹாலில் கூட்டிவிட்டார். இனி மானிட்டரிங் வந்துவிட்டது, எந்த மூலையில் யார் என்ன செய்தாலும் லிங்கத்தின் திரையில் தெரியும், ஜாக்கிரதை என்றார். அவர் சொன்னது சரியில்லை என்று பூதலிங்கத்துக்குத் தெரியும். அத்தனை பேர் நடுவில் திருத்தவும் தோன்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

செவ்வாய்க்கிழமை வேறு வேலை வந்து ஸ்டோர் ரூமுக்கு அவனால் போக முடியவில்லை; ஆனால் சிவப்பே வரவில்லை. புதன்கிழமையும் இல்லை, வியாழனும் இல்லை. பயம் வேலை செய்கிறது என்று ஸ்ரீகுமார் அவன் தோளைத் தட்டினார். பூதலிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவன் ஸ்டோர் ரூமுக்குப் போனான். ஒரு ஜன்னல், உள்பக்கம் தாழ்ப்பாள், ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் ஹப் சொருகியிருந்தது. எதிரே ஒரு ஸ்டூல், அதன்மேல் மடித்து வைத்த சுத்தமான துண்டு.

பெருக்க வந்த மாடம்மாள் அவனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். தென்காசிப் பக்கத்துக்காரி, அந்தக் கட்டடம் திறந்த நாளிலிருந்து அங்கே வேலை செய்பவள். அவள் சுவரையும் கூரையையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சார், இந்த ரூமுல கேமரா எங்கன வச்சிருக்கு?"

கேமரா ஒன்றும் இல்லையே என்றான்.

"இல்லாமத்தான் அந்தப் பிள்ளை பயந்து செத்துக்கிட்டு கெடக்கா? கழட்டிருங்க சார். பொம்பளைப் பிள்ளை இருந்த எடம்."

பிறகு அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தட்டச்சுப் பிரிவில் இருக்கும் கிருஷ்ணவேணிக்கு எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே பாதி லீவு தீர்ந்து போயிற்று. பிள்ளைக்கு உறிஞ்சத் தெம்பில்லை, பாலைப் பீய்ச்சிப் பாலாடையில்தான் கொடுக்க வேண்டும். மஸ்கட்டில் இருக்கும் நாத்தனார் கரண்டில் ஓடுகிற பால் எடுக்கும் மிஷின் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தாள். இந்தக் கட்டடத்தில் உள்ளே தாழ் போட்டுக்கொள்ளக்கூடிய, பிளக் இருக்கிற அறை இது ஒன்றுதான். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை ஹப்பைக் கழற்றிவிட்டு அதைச் சொருகுவாள். வாசலில் மாடம்மாள் வாரியலோடு நிற்பாள். கிருஷ்ணவேணி கீழே ஜூஸ் கடையில் வாங்கிய ஐஸைப் பிளாஸ்கில் போட்டு அதில் குப்பியை இறக்கி வீட்டுக்குக் கொண்டுபோவாள். மானேஜர் கூட்டம் போட்டுப் பேசிய பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டு நாளில் மார்பு கல்லாகக் கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. நேற்றிலிருந்து வரவில்லை.

"இத்தனை நாளும் நீங்க பாத்திருப்பீங்களோன்னு கேட்டு அழுதா, சார்."

பூதலிங்கம் அந்த ஸ்டூலைப் பார்த்தபடி நின்றான். மூன்று நாளாக அவன் திரையில் நின்ற பச்சை என்ன பச்சை என்று இப்போது புரிந்தது. ஹாலில் அன்று வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த நினைப்பு அவனை மத்தியானம் சாப்பிட விடவில்லை.

அன்றே எலக்ட்ரீஷியனை வரவழைத்து ஸ்டோர் ரூமில் இன்னும் இரண்டு பிளக் பாயிண்ட் போடவைத்தான். தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது, புதிது மாட்டினான். ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்று மாடம்மாள் சொல்ல, சாலைக் கடைத்தெருவில் தானே போய் வாங்கி வந்தான். நீல நிறம். ஸ்டூலை எடுத்துவிட்டுக் கை வைத்த நாற்காலி ஒன்றைப் போட்டான்.

கிருஷ்ணவேணி செவ்வாய்க்கிழமை வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவனைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவளிடம் நேரே போய்ப் பேச அவனுக்குத் தைரியம் வரவில்லை. மாடம்மாளை அனுப்பி, இரண்டு பேருமாகத் தன் மேசைக்கு வரச் சொன்னான். வந்ததும் கிருஷ்ணவேணியை உட்காரச் சொல்லித் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"இதுதான் மானிட்டரிங். மிஷினோட பேரு, பக்கத்துல பச்சை இல்லேன்னா சிவப்பு. இதுக்கு மேல ஒண்ணும் இதுல வராது. மிஷின் இருக்கா இல்லியான்னு கேக்கும், அவ்வளவுதான். ஆளு தெரியாது, ரூமும் தெரியாது. நீங்களே ஒவ்வொண்ணா அமுக்கிப் பாருங்க."

அவள் மௌஸைப் பிடித்தாள். ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்தாள். எண்களும் நேரமும்தான் இருந்தன. எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்வரை அவனும் மாடம்மாளும் காத்து நின்றார்கள்.

"அப்போ நான் அங்க இருந்தது..."

"மூணு மிஷின் பதில் சொல்லல்லன்னு தெரிஞ்சுது. வேற ஒண்ணும் தெரியல்ல. அன்னைக்கு ஹால்ல நான் அதைச் சொல்லியிருக்கணும். சொல்லாமப் போனது என் தப்பாக்கும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மானேஜரிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். பெயர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், ஒரே பிளக் இருந்ததுதான் காரணம் என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன், அது பொய்யும் இல்லை என்றான். அவள் மௌஸைத் தள்ளி வைத்தாள். பிறகு, நான் பயந்த மாதிரி இன்னொருத்தி பயப்பட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தாள்.

ஸ்ரீகுமார் அறையில் அவள் பேசியபோது பூதலிங்கம் கதவருகே நின்றான். அவர் முதலில் முகத்தைச் சுளித்தார். அவருக்கும் கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டி வளர்ந்த இரண்டு மகள்கள் உண்டு. கேட்கக் கேட்க அவர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டார். கடைசியில், பிள்ளையின் எடை இப்போது எவ்வளவு என்று மலையாளத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"குஞ்ஞினு இப்போ வெயிட் எத்ரயுண்டு?"

"ரெண்டு எழுநூறு, சார். போன வாரம் ரெண்டு அறுநூறு."

அவர் தலையை ஆட்டினார். மறுநாள் காலை மறுபடியும் எல்லாரையும் கூட்டி, தான் சொன்னது தவறு என்றார். மானிட்டரிங் என்றால் என்னவென்று லிங்கம் சொல்வான் என்று அவனை முன்னால் தள்ளினார். பூதலிங்கம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பாதி தமிழும் பாதி மலையாளமுமாக, மூன்று நிமிடம் பேசினான். அவன் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. ஸ்டோர் ரூமில் பெண்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறது, சாவி மாடம்மாளிடம் இருக்கும் என்பதையும் சொன்னான்.

அதற்குப் பிறகு பதினொன்று பத்துக்கு ஒன்றும் சிவக்கவில்லை. ஓணத்துக்கு முன்பே பிள்ளை தானாக உறிஞ்சக் கற்றுக்கொண்டது. கிருஷ்ணவேணி அந்தச் செய்தியை மாடம்மாளுக்கும், பிறகு அவன் மேசைக்கு வந்து அவனுக்கும் சொன்னாள். ஜனவரியில் ரிசப்ஷனில் இருந்த அனுஷா பிரசவ லீவு முடிந்து திரும்பி வந்தாள். வந்த முதல் நாள் காலையிலேயே, யாரிடமும் தயங்காமல், மாடம்மாளிடம் போய்ச் சாவி கேட்டாள்.