என் பேரில் போன மூட்டை

போனில் அந்த ஆள் கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது.

"ஆறு மணிக்குள்ள சரி பண்ணி அனுப்புங்க மேடம். இல்லன்னா திங்கக்கிழமை வேற ஆள் பாத்துக்கறோம்."

சென்னைக் கம்பெனி. மேலதிகாரி, பேர் தனசேகரன். என் மருமகள் ஜெயசுதா செஞ்சியில் வீட்டிலிருந்தே அவனுக்கு வேலை பார்க்கிறாள். மகனுக்கு வேலை போனதிலிருந்து இவள் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது. அப்போது மணி ஐந்தேகால்.

"இன்னாம்மா தப்பு?"

"தப்பே இல்ல மாமா. அதான் தப்பு."

நான் ஐந்தாவது தாண்டாதவன். கம்ப்யூட்டர் சொல்லும் எதையும் நம்பாதவன். ஆனாலும் விவரம் கேட்டேன்; சொன்னாள்.

"ரெண்டு தீவு நாடு. ரெண்டும் மூணு மாசம், ஆறு மாசத்துல திருப்பித் தர்றேன்னு பத்திரம் குடுத்து கடன் வாங்குது. ஒண்ணுல, அந்தப் பத்திரம் வெளிநாட்டுக்காரன் கையில நூத்துக்குப் பன்னண்டு. இன்னொண்ணுல தொண்ணூத்தொண்ணு. நான் மாத்தி அடிச்சுட்டேன்னு கத்துறாரு. மூணு வாட்டி பாத்துட்டேன்."

"அந்தத் தொண்ணூத்தொண்ணு யாருது?"

"எல்லாம் வேற ஒரு குட்டித் தீவுக்காரங்க பேர்ல. அங்க மொத்தமே அறுவதாயிரம் பேரு. பங்கு போட்டா கைக்கொழந்த கூட கோடீஸ்வரன். அது எப்படின்னு எழுதினாதான் நம்புவாங்க. எனக்குத் தெரியல மாமா."

எனக்குத் தெரிந்தது.

போன தையில் நெல் வியாபாரி பச்சமுத்து என்னிடம் சிட்டாவும் ஆதாரும் வாங்கிப்போனான். அரசுக் கொள்முதல் நிலையத்தில் விவசாயி பேரில்தான் நெல் எடுப்பார்கள். எனக்கு இருப்பது தொண்ணூறு சென்ட். அதில் நாற்பது மூட்டை விளையும். என் பேரில் நூற்று அறுபது போனது. எனக்கு ஐயாயிரம் தந்தான். ஊரில் பாதிப் பேர் செய்வதுதானே என்று வாங்கிக்கொண்டேன்.

அதே நிலையத்தில்தான், அதே வாரம், தளவானூரிலிருந்து வந்த இவள் அப்பா பொன்னுசாமியின் நெல் முறை வராமல் பதினொரு நாள் வெளியே கிடந்தது. மழை பிடித்து மூட்டையோடு முளைத்தது. பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார் மனுஷன்.

ஐந்தரை. அவள் விரல் எண்ணை அழிக்கப் போனது. அவன் சொன்னபடி மாற்றிவிடலாம் என்று நினைத்தாள் போல.

"அழிக்காதம்மா. அந்தத் தீவுக்காரன் பேருதான் இருக்கும். பணம் வேற எவனுதோ."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பேப்பரில் போட்டிருந்தான் என்று சொல்லியிருக்கலாம். நான் பேப்பர் படிப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"பச்சமுத்து மூட்ட என் பேர்ல போச்சு. நூத்தி அறுவது."

"தொண்ணூறு சென்ட்லயா? நெல்லா வெளஞ்சுது, புல்லா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "எப்ப மாமா?"

"தையில."

"தையில எந்த வாரம்?"

சொன்னேன்.

அவள் திரும்பி, எண்ணை அப்படியே விட்டு, கீழே நாலு வரி வேகமாகத் தட்டி அனுப்பினாள். ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது. பிறகு போனை எடுத்து யாருக்கோ போட்டாள். தனசேகரனுக்கு என்றுதான் நினைத்தேன்.

"நைனா, சாப்டியா?" என்றாள்.

அந்தப் பக்கம் பொன்னுசாமி பேசிக்கொண்டே போனார். மாடு கன்று போட்டதைச் சொல்கிறார் போல. இவள் ம், ம் என்று கொட்டிக்கொண்டு, என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள்.