மேலே என்றால் எங்கே?

1

இந்தக் கதை என் கொழுந்தியாளுடையது. திருடியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் அப்புறம் எழுத்து தங்குதடையில்லாமல் ஓடும் என்பது என் அனுபவம். என் மனைவியின் தங்கை இன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில், போன் செய்தாள். அக்கா குளித்துக்கொண்டிருந்ததால் என்னிடம் மாட்டிக்கொண்டாள். "மாமா, எங்க ஆபீஸ்ல எல்லாரும் மேலேன்னு கை தூக்கினாங்க. ஆனா நான் சொன்ன மேலே வேற, அவங்க தூக்கின மேலே வேற" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சொன்னதையெல்லாம் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டே வந்தவன், போதுமான அளவு கிடைத்ததும் போனை வைத்துவிட்டு நேராக மேசைக்கு வந்தேன்.

2

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"சக்கரத் தொழிற்சாலையின் தரைத்தளத்தில், ஒழுகும் குழாய்க்கு அடியில், ஓர் இயந்திரம் பதினாறு வருடங்களாக மூச்சுவிட்டுக்கொண்டு"

நிறுத்திவிட்டேன். இப்போது மூச்சுவிடும் இயந்திரம் அடுத்த பத்தியில் கண்ணீர்விடும், அதற்கடுத்த பத்தியில் நான் விடுவேன். இரண்டாவது தொடக்கம்:

"நிறுவனங்கள் தங்கள் மென்பொருளைச் சொந்தக் கட்டடத்துக் கணினியில் வைத்துக்கொள்வதா, இணையம் வழியாக எங்கோ இருக்கும் இன்னொருவர் கணினியில் குடியேற்றுவதா என்ற கேள்வி இன்றைய"

இதை எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது. ஆனாலும் அடிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் விஷயம் இதுதான். சொந்த வீடா, வாடகை வீடா என்று நாம் காலகாலமாகப் பேசுகிறோமே, அந்தப் பேச்சுதான். சொந்த வீட்டில் ஒழுகினால் நாம்தான் ஏணியைத் தேட வேண்டும். வாடகை வீட்டில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு அக்கடா என்று உட்காரலாம். உட்கார்ந்திருப்பவர் வேறு என்ன வேலை செய்வார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

3

சரி, நேராகவே சொல்கிறேன்.

மருத்துவமனைக் கட்டில்களுக்கும் அலுவலக நாற்காலிகளுக்கும் சக்கரம் செய்கிற இடம், என் கொழுந்தியாள் வேலை பார்க்கும் நிறுவனம். அங்கே அவளைச் 'சர்வர் அக்கா' என்பார்கள். சரக்கு இருப்பு, வந்த ஆர்டர், போக வேண்டிய லாரி என எல்லாவற்றையும் தன்னுள் வைத்திருக்கும் சர்வர் என்கிற பெரிய கணினியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. (புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் அவளிடம் காபி கேட்பார்கள். அவளும் சலிக்காமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் தான் எந்த சர்வர் என்று சொல்வாள்.) தலைக்கு மேல் குழாய் ஒழுகிய நாளில், குடையை விரித்து இயந்திரத்துக்கு மேலே கயிற்றால் கட்டியவள் அவள். பிளம்பர் வந்துபோன பிறகும் குடையை அவிழ்க்கவில்லை. பிளம்பர்மீது அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பழைய மென்பொருளுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. புதியது வாங்கியாயிற்று. அதை எங்கே வைப்பது என்பதுதான் பாக்கி. முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டார்.

"ஒரே பக்கத்துல எழுதிக் குடு. எனக்குப் புரியற தமிழ்ல இருக்கணும். அந்த சாப்ட்வேர் ஏஜென்ட் பேசற மாதிரி எழுதினே, படிக்கவே மாட்டேன்."

அவள் முதலில் 'கிளவுட்' என்பதைத் தமிழாக்கி 'மேகக் கணிமை' என்று எழுதிக் கொடுத்தாள். தாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது: 'இது என்ன, வானிலை அறிக்கையா?'

ஆகவே இன்னும் எளிமையாக்கினாள். தகவலை இணையத்தில் ஏற்றுவதை எல்லோரும் 'மேலே ஏற்றுவது' என்றுதானே சொல்கிறார்கள்? இரண்டாவது தாளில் இரண்டே சொற்கள்தாம் மாறி மாறி வந்தன. கீழே, மேலே. 'கீழேயே வைத்தால் இயந்திரமும் நம்முடையது, தொல்லையும் நம்முடையது. மேலே ஏற்றிவிட்டால் தண்ணீர், தூசி பற்றிய கவலை இல்லை. எங்கிருந்தும் பார்க்கலாம்.'

அடுத்த வரிதான் அவளுக்கு வரவில்லை. விற்பனையாளர் கொடுத்த விளக்கத்தாளில் அந்த வரி தெளிவாக இருந்தது: 'பராமரிப்புக்குத் தனி ஆள் தேவையில்லை.' அந்த ஆள் அவள்தான். ஒரு வாரம் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். மின்வெட்டைச் சேர்த்துப் பார்த்தாள், மற்ற இரண்டு கிளைகளும் சரக்கு நிலவரம் தெரியாமல் தினமும் போனில் கத்துவதைச் சேர்த்துப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் மேலே ஏற்றுவதுதான் நிறுவனத்துக்கு நல்லது. அந்த வரியையும் சேர்த்து, 'என் பரிந்துரை: மேலே' என்று முடித்தாள்.

4

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். தன் பிழைப்புக்குத் தானே உலை வைத்துக்கொள்கிற ஆளை வாசகர் நம்புவாரா? நம்ப வைக்க வேண்டுமென்று, அவள் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுவதாக மாற்றி எழுதினேன். தேநீர் கொண்டுவந்த மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"இது என் தங்கச்சி இல்ல."

"கதைதானே?"

"பரீட்சையில பக்கத்துப் பொண்ணு பேப்பரைத் திருப்பிக் காட்டினாக்கூட அவ கண்ணை மூடிக்குவா. இது நீங்க. உங்களுக்குப் புடவை கட்டி உக்கார வெச்சிருக்கீங்க."

வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். தேநீரும் ஆறிவிட்டது.)

5

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். முதலாளியம்மா, கணக்கர், ஸ்டோர்காரர், சரக்கை லாரியில் அனுப்பும் டெஸ்பாட்ச் பார்க்கிற மீசை அண்ணன், பிறகு அவள். தாள் கைக்குக் கை போயிற்று. வாய்க்குள் முணுமுணுத்தபடி எல்லோரும் படித்தார்கள்.

"மேலேன்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார் முதலாளியம்மா.

அத்தனை கையும் உயர்ந்தது. எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத கணக்கரும் ஸ்டோர்காரரும்கூடத் தூக்கினார்கள். அவளும் தூக்கினாள். தன் பதினாறு வருட வேலையை முடித்துவைக்க இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது.

"ரொம்ப நாளா நான் சொல்லிக்கிட்டிருந்ததுதான்" என்றார் மீசை அண்ணன். "கீழ ரூம் காலியானா எங்களுக்கு அட்டைப்பெட்டி அடுக்க இடம் கிடைக்கும். நாலு பேர் இருந்தா தூக்கிடலாம். படிதான் கொஞ்சம் குறுகல்."

"மாடியில ஜன்னல் பெருசு" என்றார் ஸ்டோர்காரர். "எங்கிருந்தும் பார்க்கலாம்னு சும்மாவா எழுதியிருக்கு?"

"தனி ஆள் எதுக்கு? மாடி ரூமுக்குத்தான் நல்ல பூட்டு இருக்கே" என்றார் கணக்கர்.

முதலாளியம்மா தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். "நானே போய் டேப் வெச்சு அளந்துட்டேன். ரூம்ல தாராளமா அடங்கும். திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆளுங்க வர்றாங்க, நீ கூட நின்னு பத்திரமா ஏத்திடு."

அவள் தாளை வாங்கிக்கொண்டு தன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். சும்மா இருந்தாலே போதும். அவள் எழுதியதில் பொய் இல்லை, அவர்கள் படித்ததில் குற்றம் இல்லை, கையெழுத்தும் ஆகிவிட்டது. இயந்திரம் மாடிக்குப் போகும், பின்னாலேயே அவளும் போவாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷப்படுவது அவளுக்கே அசிங்கமாகவும் இருந்தது.

6

இனி முடிவு. கைவசம் மூன்று இருக்கின்றன.

அ. அவள் சும்மா இருந்துவிடுகிறாள். தினமும் மாடிப்படி ஏறி முழங்கால் வலிக்கிறது, அது ஒன்றுதான் தண்டனை. கிளைகள் வழக்கம்போலப் போனில் கத்துகின்றன. எனக்குப் பிடித்த முடிவு இது, எழுதவும் சுலபம்.

ஆ. அவள் போய் உண்மையைச் சொல்கிறாள். முதலாளியம்மா நெகிழ்ந்து, "உன்னை மாதிரி ஒருத்தி எங்க கிடைப்பா?" என்று அவளை மேலாளராக்கி, புது நாற்காலியும், அந்த நாற்காலிக்குச் சொந்தத் தயாரிப்புச் சக்கரமும்

எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. விட்டுவிட்டேன்.

இ. இது என் மனைவியின் உபயம். முதலாளியம்மாவுக்கு முதலிலிருந்தே எல்லாம் புரிந்திருக்கிறது, அவளுடைய வேலையைக் காப்பாற்றத்தான் புரியாத மாதிரி நடித்தார். சொல்லும்போதே மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நடிக்கிறவர் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளப்பாரா? அளந்தவரிடம் இந்த முடிவு எடுபடாது.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காகச் சீட்டுக் குலுக்கிப் போடப்போனேன். அப்போது மணி நான்கு. போன் அடித்தது.

7

"கதை எழுதறீங்களாமே, அக்கா சொன்னா."

"உன் பேரெல்லாம் இல்லம்மா, பயப்படாதே. மூணு முடிவு வெச்சிருக்கேன், கேக்கறியா?"

"முடிவு வேண்டாம் மாமா. காலையில ஒரு வார்த்தை கேக்கத்தான் கூப்பிட்டேன். அதுக்குள்ள வெச்சுட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. கதை எங்கேயோ முடிந்துபோன ஒன்று என்று நினைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், திங்கட்கிழமையோ நாளைக்குத்தான் வருகிறது.

"நோட்டை மறுபடி எழுதறேன்" என்றாள். "ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி முதலாளியம்மா கையில குடுத்துடணும். மேலேன்னும் வரக்கூடாது, மேகம்னும் வரக்கூடாது. யார் படிச்சாலும் சட்டுனு புரியணும். நீங்க எழுத்தாளராச்சே, ஒரு வார்த்தை சொல்லுங்க."

இத்தனை வருடத்தில் என்னை எழுத்தாளன் என்று நம்பி அந்த வீட்டில் யாரும் எதுவும் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. 'தொலைவில்' என்றேன். "இன்னொரு கிளைன்னு நினைச்சு லாரி வரவழைச்சுடுவாங்க" என்றாள். 'இணையத்தில்' என்றேன். "அது ஏற்கனவே வெச்சிருக்கோமேன்னு சொல்லுவாங்க." 'வாடகைக்கு' என்றேன். "மீசை அண்ணன் குடோன் பார்க்கக் கிளம்பிடுவார்." ஐந்து நிமிடம் இப்படியே போயிற்று. பிறகு எனக்குப் பளிச்சென்று தோன்றியது. உற்சாகத்தில் கத்தியே விட்டேன்.

"வெளியே! நம்ம கட்டடத்துக்கு வெளியே!"

"வெளியே" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "ஆமா மாமா, அதான் சரியான வார்த்தை. இதுக்கும் ரெண்டு அர்த்தம் இருக்கு. ஆனா ரெண்டுமே சரிதான்."

அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம், அந்த வார்த்தை வேண்டாம், வேறு பார்க்கலாம் என்று சொல்ல வந்தேன். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

முடிவுகள் மூன்றையும் கிழித்துவிட்டேன். முதலாளியம்மா நாளை என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுத இனிமேல் கை வராது. ஆட்கள் பத்து மணிக்கு வருகிறார்கள். உங்களிடம் வேறு சொல் இருந்தால் அதற்குள் சொல்லி அனுப்புங்கள். யார் படித்தாலும் புரிய வேண்டும், பொய்யாக இருக்கக் கூடாது, என் கொழுந்தியாளை உள்ளேயே வைத்திருக்கவும் வேண்டும்.