நலம் எனத் தாமே கூறினார்

1

கதை எழுதுகிற ஆள் இல்லை நான். ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்ச காலமெல்லாம் பஸ்களுக்கு ஒடுக்கெடுக்கிற டிங்கர் வேலை. காப்பீட்டு ஆபீசில் மேல்முறையீடு என்று நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவள் முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. "கதையெல்லாம் எழுதாதீங்க பெரியவரே. கட்டத்துல டிக் மட்டும் அடிங்க" என்றாள்.

கதை என்று நீயே பெயர் வைத்துவிட்டாய். இந்தா, கதை.

2

ஓர் அழகிய காலை வேளையில்...

(அழகும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அடித்துவிட்டேன்.)

என் மனைவிக்குப் பக்கவாதம். இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. அரசாங்கக் காப்பீட்டில் தினமும் ஒரு நர்ஸ் வருவாள். புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்து, உடம்பு துடைத்துவிட்டுப் போவாள். போன மாதம் மறு ஆய்வு என்று ஓர் ஆபீசர் வந்தார்.

"நல்லாருக்கீங்களாம்மா?"

"நல்லாருக்கேன் தம்பி. நீங்க? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

அவர் எழுதிக்கொண்டு போனது: நோயாளி நலம் எனத் தாமே கூறினார்.

நர்ஸை நிறுத்திவிட்டார்கள். இப்போது முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

3

இந்த ஆபீசரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வில்லனாக்கிப் பார்த்தேன். மீசை வைத்தேன், தொப்பை வைத்தேன். (நிஜத்தில் ஒல்லி. இருமல் வந்தபோது அவள் மேல் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.) நல்லவனாக்கினால் என் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஒடுங்கின தகட்டில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தால் பளபளக்கும். உள்ளே ஒடுக்கு ஒடுக்காகவே இருக்கும். பட்டி வேண்டாம். முகத்தைத் திருப்பி இருமினார், நர்ஸை நிறுத்தினார். அவ்வளவுதான் அந்த ஆள்.

4

கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்ததற்கு, இன்று பத்து மணிக்கு அதே ஆபீசர் மறுபடி வருகிறார்.

"திரும்பிப் படுக்கக்கூட முடியலைன்னு சொல்லித் தொலை."

"வந்ததும் வராததுமா ஒரு மனுஷன்கிட்ட ஒப்பாரி வைக்கச் சொல்றீங்களா?"

"நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லாம இரு."

"வேற என்ன சொல்றது? நாசமாப் போயிட்டேன்னா?"

"ஆமா."

"உங்களைக் கட்டிக்கிட்டு வந்த மறுநாளே எங்கம்மா கேட்டாங்க. அவங்ககிட்டயே நல்லாருக்கேன்னுதான் சொன்னேன். இவர்கிட்டயா மாத்திச் சொல்லப் போறேன்?"

வலது பக்கத்து உதடு மட்டும் சிரித்தது.

5

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள், நர்ஸ் திரும்பி வருகிறாள். (எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு இரண்டு: நான் ஆபீசரின் சட்டையைப் பிடித்து... (எழுபத்தாறு வயதில் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் முடியும்.)

மூன்றாவதை எழுதத் தொடங்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. அவள் கூப்பிட்டாள்.

"என்னங்க, படுக்கை நனைஞ்சு போச்சு. அவர் உள்ள வர்றதுக்குள்ள விரிப்பை மாத்திடுங்க."

துவைத்த விரிப்பை எடுத்துவிட்டேன். மாற்றினால் அறை சுத்தமாக இருக்கும். அவர் மறுபடியும் நலம் என்று எழுதிக்கொள்வார். மாற்றாவிட்டால் எழுத மாட்டார், நர்ஸ் வருவாள். ஆனால் இவள் சாகிறவரை என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

கதவைத் தட்டுகிறார். "ஒரு நிமிஷம் இருங்க தம்பி" என்று இவள் குரல் கொடுக்கிறாள். பேனா ஒரு கையில், விரிப்பு மறு கையில்.

படித்தவர்கள்தானே நீங்கள், சொல்லுங்கள். மாற்றட்டுமா, விடட்டுமா?