சுத்தச் சாப்பாடு

அப்பாவின் குடலில் புற்றுநோய். உடம்பு தேறினால்தான் ஒப்பரேஷன் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒரு மாதம் கழித்து, படிப்பிக்கிற ஊரிலிருந்து பாலையூற்று வீட்டுக்கு வந்தேன். சீனன்குடாவில் எண்ணெய்ப் பீப்பா உருட்டிய அப்பாவின் கைகளில் தசையே இல்லை. குசினியில் அம்மா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

“மீன், முட்டை ஒண்டும் குடுக்கிறேல்லையோ?”

“டொக்டர் சுத்தச் சாப்பாடுதான் குடுக்கச் சொன்னவர் பிள்ளை. அதுதான் வீடு முழுக்கச் சைவம்.”

“ஆர், அந்தச் சிங்கள டொக்டரோ?”

“ஓம். பாவம், தமிழிலைதான் சொன்னவர்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சத்துச் சாப்பாடு எண்டு சொல்லியிருப்பார்! தசை கரைஞ்சால் ஒப்பரேஷனைத் தாங்க ஏலாதம்மா. என்னெண்டு திருப்பிக் கேக்காமல் வந்தனீங்கள்?”

அம்மாவின் முகம் வெளிறியது. “அப்ப நானோ இந்த மனுசனைப் பட்டினி போட்டனான்?”

“அழாதை,” என்றார் அப்பா கட்டிலிலிருந்து. “கலியாணம் கட்டின நாளிலையிருந்து உன்ரை கறியைத் திண்டே தப்பினவன் நான். கஞ்சியோ என்னைக் கொல்லும்?”

“நீங்களாவது மீன் கேட்டிருக்கலாமே?” என்று அவர்மேலும் பாய்ந்தேன்.

“கேட்டனான். கொம்மா தேவாரம் பாடினவள்.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு படலைக்கு ஓடி, சைக்கிள் மீன்காரனை மறித்தாள். சற்று நேரத்தில், முள் எடுத்த பாரை மீனோடு கட்டிலருகே வந்து நின்றாள்.

“இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ?” என்று சிரித்தார் அப்பா.

“வெள்ளியும் சனியும்! வாயைத் திறவுங்கோ.”