ஜன்னத் மாமி வீட்டு நம்பர்

எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்போடு போகக்கூடாது. மெஷினுக்குத் தூசி ஆகாதாம். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். திரும்பி வந்து பார்த்தால் நல்ல செருப்பு போயிருக்கும். உள்ளே டேட்டாபேஸ் நிர்வாகம் நடத்திய ஜெரால்ட் சார் எங்களைவிட ஒரே ஒரு பாடம்தான் முன்னால் இருந்தார். ஆறாம் பாடத்தில் சந்தேகம் கேட்டால் ஏழாம் பாடத்தில் வரும் என்பார். ஏழாம் பாடம் வந்ததும் லீவு போட்டுவிடுவார்.

1998. கடைசி வருஷம் நிஜமான ஆபீஸ் ஒன்றுக்குப் புரோகிராம் எழுதித் தர வேண்டும். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் உபைதுல்லா மாமாவிடம் போனேன். மேட்டூர் அணை திறக்காத வருஷங்களில் அவர் ஆபீசில் நிற்க இடம் இருக்காது. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரைத் துண்டு போட்டு மூடி வைத்திருந்தார்.

“ஒழுங்கா ஓடுனா இந்த நாற்காலி ஒனக்குத்தான் தஹ்மீனா, சம்பளத்தோட” என்றார்.

ஓடாவிட்டால் வலங்கைமானில் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். படித்தது போதும், வெளியே சுற்றியதும் போதும் என்று அத்தா சவூதியிலிருந்து கேசட்டில் பேசி அனுப்பியிருந்தார். கேசட்டின் இரண்டு பக்கமும் அதே பேச்சு. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வெறியாக வேண்டும்.

ஒவ்வொரு ஆளையும் அடையாளம் காட்ட இன்னொருவரிடம் இல்லாத ஒன்று தேவை. அதற்குப் பெயர் பிரைமரி கீ. பெயர் உதவாது, எங்கள் பக்கம் அப்துல் என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பும். பாஸ்போர்ட் பலருக்கு இன்னும் வரவில்லை. டெலிபோன் நம்பரைப் போடு என்றார் ஜெரால்ட் சார். புத்தகத்தில் அப்படித்தான் இருந்ததாம். எந்த ஊர்ப் புத்தகமோ.

முதலில் எங்கள் தெரு மூஸாவைத் தட்டினேன், ஏறினார். அடுத்து அப்துல் மஜீதை ஏற்றினேன். இந்த நம்பர் ஏற்கெனவே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் துப்பிவிட்டது. பின்னால் வந்தவர்களையும் வரிசையாகத் துப்பியது. எங்கள் தெருவில் இருந்ததே ஒரு போன், ஜன்னத் மாமி வீட்டில். விண்ணப்பத்தில் எல்லோரும் அந்த நம்பரை எழுதி, அடுத்த வீட்டுப் போன் என்று காட்ட, பக்கத்தில் பி.பி. என்று போடுவார்கள். போன் வந்தால் மாமி வாசலில் நின்று கத்துவார். அந்தக் குரலுக்குப் போனே தேவையில்லை, துபாய்க்கு நேராகவே கேட்கும்.

“டேட்டா தப்பும்மா. ஆளுக்கொரு நம்பரா மாத்திடு” என்றார் சார்.

“இல்லாத நம்பரையா சார்?”

“மார்க் போட வர்ற எக்ஸ்டர்னல் என்ன, போன் போட்டா பாக்கப் போறாரு?”

எக்ஸ்டர்னல் போட மாட்டார், உபைதுல்லா மாமா போடுவார். இங்கே ஒருத்தனுக்கு விசா வந்திருக்கும், சீர்காழியில் ஏதோ அரிசிக்கடையில் மணி அடிக்கும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு தெருவே தப்பாம், புத்தகம் சரியாம். ஏழாம் பாடத்தை நானே உட்கார்ந்து படித்தேன். ஆட்களை வரிசை எண் கொடுத்து ஓர் அட்டவணையில் வைத்தேன், போன்களைத் தனி அட்டவணையில் வைத்தேன். ஒரு போனோடு எத்தனை பேரை வேண்டுமானாலும் கோத்துக்கொள்ளலாம். ஓடியது. எக்ஸ்டர்னல் நல்ல மார்க் போட்டார். எல்லாம் தன் கைடன்ஸ் என்றார் ஜெரால்ட் சார்.

மாமாவின் ஆபீசில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஜன்னத் மாமியின் நம்பரைத் தட்டிக் காட்டினேன். பாதித் தெரு திரையில் வந்து நின்றது. மாமாவுக்கு வாயெல்லாம் பல்.

“அட, எல்லாரும் அந்தம்மா வீட்டு நம்பர்தானா? அப்ப அவங்களுக்கு ஒரு போன் போட்டாப் போதுமே. மாசாமாசம் ஏதாவது குடுத்துட்டா ஆபீசுக்கு ஆளே வேணாம்மா.”

என் நாற்காலிக்கு வேட்டு வைத்தது என் புரோகிராமேதான். அவர் அப்போதே மாமிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். மாமியின் பதில் எனக்கே கேட்டது.

“எங்க தெருப் புள்ளைங்களக் கூப்புட நான் ஒங்ககிட்ட கூலிக்கு வரணுமா? வைங்க போனை.”

மாமாவின் முகம் சிவந்தது. “அந்த நம்பரத் தூக்கிடு. அந்தம்மா சகவாசமே வேணாம்.”

போன் அட்டவணையில் அந்த நம்பரை அழிக்கச் சொல்லித் தட்டினேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

“என்னா சொல்லுது?”

“தூக்க முடியாதாம் மாமா. இத்தன பேரு இந்த நம்பர நம்பி இருக்காங்களாம்.”

“நீ வேணும்னே பண்றியா?”

“நீங்களே தட்டிப் பாருங்க.”

நின்றபடியே ஒற்றை விரலால் தட்டினார். அதே வரி. ஓங்கித் தட்டினார். அதே வரி. மாமி சொன்னதற்கு எகிறியவர், மெஷின் சொன்னதும் அடங்கிவிட்டார். அதை மிரட்டவும் முடியாது, அதற்குக் கமிஷன் கொடுக்கவும் முடியாது. கொஞ்ச நேரம் திரையையே முறைத்தார். பிறகு ரிசீவரை எடுத்து, தேன் ஒழுகும் குரலில் சலாம் சொல்லி, மூஸாவைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா என்று கேட்டார். அந்தப் பக்கம் மாமி தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார்.

“இந்த மெஷினோட மல்லுக்கட்ட என்னால ஆவாது. திங்கக்கெழமையிலேர்ந்து நீயே வந்து உக்காரு.”

திங்கட்கிழமை வரை எதற்கு? நான் எழுந்திருக்கவே இல்லை.