முன்னோக்கிப் போகும் நடவு

பயிற்சியின் மூன்றாம் நாளும் நடவு வரிசை கோணலாகத்தான் போனது. பாபநாசத்தை அடுத்த ஊரின் பெண்கள் குழு அது. மொத்தம் எட்டுப் பேர். வெள்ளிக்கிழமைச் சோதனையில் ஐந்து பேராவது தனியாக, நேராக ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் நடவு இயந்திரம் நன்னிலத்துக் குழுவுக்குப் போய்விடும்.

பாடத்திட்டம் பயிற்சி கொடுக்கும் பூவிழி தயாரித்தது. கல்வியியல் முதுகலை படித்தவள்.

"வீடியோ, படம், கேள்வித்தாள் எல்லாம் குடுத்தாச்சு. பதிலும் டாண் டாண்ணு சொல்றாங்க. வயல்ல இறங்குனா மட்டும் பாம்பு மாதிரி வளையுது" என்று புலம்பினாள்.

இயந்திரத்தின் மெக்கானிக்கும் அவள் கணவனுமான இளவழகன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "திரும்பத் திரும்ப ஓட்ட விடு, வந்துரும்."

"மூணு நாளா தப்பைத்தான் நல்லா பழகுறாங்க."

இயந்திரம் விட்ட இடங்களில் பெண்கள் கையால் நட்டுக்கொண்டிருந்தார்கள். பூவிழி புடவையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். அம்சவல்லியின் பக்கத்தில் குனிந்து நாலு வரிசை நட்ட பிறகுதான் உறைத்தது. எல்லோரும் பின்னால் நகர்ந்து நடுகிறார்கள். கண் மட்டும் நட்ட பயிரின்மேல்.

"அக்கா, மெஷின் ஓட்டும்போது ஏன் திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க?"

"நட்டது நிக்குதா மெதக்குதான்னு பாக்க வேணாமா? அது பாட்டுக்கு நடும்னு நம்பணுமா? புருசனையே அப்படி நம்புனதில்ல!"

"என்னை ஏங்க்கா பாக்குறீங்க?" என்றான் வரப்பிலிருந்த இளவழகன்.

கழுத்து திரும்பினால் கை திரும்பும், கையோடு ஸ்டியரிங்கும் திரும்பும். தெரிந்ததன்மேல்தான் புதியதைக் கட்ட வேண்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள், இவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்காமலே இன்ஜினிலிருந்து பாடத்தைத் தொடங்கியிருந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. வீடியோ கிடையாது. எதிர் வரப்பில் சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டாள். ஒருத்தி கம்பைப் பார்த்து ஓட்ட, இன்னொருத்தி பின்னால் நடந்து, "நிக்குது", "மெதக்குது" என்று குரல் கொடுத்தாள். பார்க்க ஆள் இருந்ததால் ஓட்டுகிறவளின் கழுத்து அடங்கியது. சோதனையில் துணைக்கு யாரும் வர முடியாதே! பிற்பகலில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, பின்னால் நடப்பவளைப் பூவிழி வரப்பிலேயே இருக்கச் சொன்னாள்.

வெள்ளியன்று ஏழு பேர் ஓட்டி முடித்தபோது தேறியவர்கள் நாலு பேர். கடைசியாக அம்சவல்லி ஏறினாள். பாதி வயலில் அவள் கழுத்து லேசாக அசைவதைப் பூவிழி பார்த்தாள். வாய் திறக்கக் கூடாது.

அம்சவல்லி சட்டென்று இயந்திரத்தை நிறுத்தினாள். நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, நட்டதை ஒரு நோட்டம் விட்டாள். பிறகு கம்பைப் பார்த்து மறுபடி ஓட்டினாள்.

"ஏம்மா நடுவுல நிறுத்துனீங்க?" என்றார் சோதிக்க வந்த அதிகாரி.

"ஓடும்போது பாத்தாதானே சார் கோணும்? நிறுத்திப் பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

அவர் கயிறு பிடித்துப் பார்த்தார். வரிசை நேராக இருந்தது. "அஞ்சு" என்று குறித்துக்கொண்டார்.

பூவிழி அங்கேயே, சேற்றுக் கையோடு, தன் பாடத்திட்டத்தில் எழுதினாள்: பாதி வயலில் நிறுத்து, திரும்பிப் பார், பிறகு ஓட்டு.