உள்ளங்கால்

தேவயானிக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்பா செங்கல்வராயன் நகரியிலிருந்து பஸ் ஏறி, மலையடிவாரத்து அலிபிரியில் இறங்கிய பிறகுதான் போன் செய்தார். மகள் துறைத் தலைவரானால் திருமலைக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாக வேண்டுதலாம்; ஆகிவிட்டாள். விடியற்காலையில் ஏறக்கூடாதா? உச்சி வெயிலில்தான் கிளம்புவார்.

அவள் நோய் எதிர்ப்பு விஞ்ஞானி. இருபது வருடமாக வேலையே இந்த வெயிலோடுதான். திருப்பதி ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குப் புற ஊதா விளக்கைக் காட்டி, தோலின் காவல் செல்கள் எப்படி அசந்து போகின்றன, அந்தச் சமயம் பார்த்துப் புற்றுநோய் எப்படி நுழைகிறது என்று பார்ப்பவள். உலகத்துக்கே சொல்லலாம், சொந்த அப்பாவுக்குச் சொல்ல முடியாது.

ஸ்கூட்டரை நிறுத்தியும் நிறுத்தாமலும் ஓடினாள். அவர் முதல் படியருகே உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"தொப்பி எங்க நைனா?"

"வந்ததும் ஆரம்பிச்சிட்டியா? வழி பூரா மேல கூரை கீது, போ."

தூசி தட்ட வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டார். குதிகாலருகே ஒரு பிளாஸ்திரி பாதி பிரிந்து தொங்கியது. அதன் அடியில் கறுப்பு. தேவயானி குனிந்து அதை மெல்ல உரித்தாள். ஓரம் நேராக இல்லை. ஒரு பக்கம் கருநீலம், இன்னொரு பக்கம் பழுப்பு, நடுவில் கசிவு.

"எப்பலேர்ந்து கீது?"

"மாங்கா சீசனுக்கு முன்னாடிலேர்ந்து. கால் ஆணிம்மா. சித்தூர்ல காட்டி மருந்து வச்சிக்கினுதான் கீறேன். பிளேடால சீவிட்டா நல்லா நடக்கலாம்."

"பிளேடாலயா?" கத்தியே விட்டாள். படிகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏந்திரு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"முடிச்சிட்டு வர்றேன்மா. சாமி காரியம்."

கெஞ்சினாள், மிரட்டினாள், செருப்பை எடுத்து மாட்டப் பார்த்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து போட்டு உடைத்தாள்.

"கேன்சரா இருக்கலாம் நைனா. சதை எடுத்துப் பாக்கணும். இந்தக் காலோட ஏறாதே."

கோவிந்தா போட்டபடி ஒரு கூட்டம் அவர்களைத் தாண்டி ஏறிப் போயிற்று. அப்புறம் செங்கல்வராயன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"நீ குடுத்த கிரீமை மூஞ்சிக்கும் கைக்கும் நாள் தவறாம பூசிக்கினுதாம்மா இருந்தேன். காலுக்குத்தான் பூசல. இத்த உன் ஆபீஸ்ல சொல்லாதே. வெயிலு டாக்டரோட நைனாவுக்கே வந்துட்சின்னா உனக்குக் கெட்ட பேரு."

அவள் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள்.

"இது வெயிலால வர்றதில்ல நைனா. நம்ம மாதிரி நெறத்துக்காரங்களுக்கு உள்ளங்கால்லதான் இது ஜாஸ்தி வரும். எனக்குத் தெரியும். உன் கால நான் ஒரு தரம்கூடப் பாக்கல."

"வெயிலால இல்லியே? நிச்சயமாவா?"

"நிச்சயமா."

"அப்ப உன் வேலைக்கு ஒண்ணும் கொறை வராது" என்றார். முகம் தெளிந்துவிட்டது. செருப்பை அவரே மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தார். "ஆட்டோவ கூப்புடு, போலாம்."

தேவயானியால்தான் எழுந்திருக்க முடியவில்லை.